விண்வெளிக் குப்பையா, விண்ணுடைசலா?

மதிப்பிற்குரிய கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பூமியைச் சுற்றிவரும் செயலிழந்த செயற்கைக்கோள்களையும் உடைந்த துண்டுகளையும் குறிக்க 'விண்வெளிக் குப்பை' என்பதே நாளிதழ்களில் நிலைபெற்றுவிட்டது, புதுச்சொல் எதற்கு என்று பேராசிரியர் அம்மா அவர்கள் சென்ற மடலில் கேட்டிருந்தார்கள். செய்திக்கு அது போதும்; பாடநூலுக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் திருமங்கலம் பக்கம் குப்பை என்றால் மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் மட்கி, கோடையில் வண்டியேறி வயலுக்குப் போகும் உரம். காலப்போக்கில் மண்ணோடு மண்ணாகிவிடும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. விண்வெளியில் நடப்பது அதற்கு நேர்மாறானது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துண்டுகளை வேண்டுமானால் மெல்லிய காற்றின் இழுவை சில ஆண்டுகளுக்குள் கீழே கொண்டுவந்து எரித்துவிடும். 800 கிலோமீட்டருக்கு மேலே போய்விட்டாலோ அவை நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். 2007 சனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால் தகர்த்தது ஏறத்தாழ அந்த உயரத்தில்தான். அதிலிருந்து கண்காணிக்கத்தக்க அளவில் 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் பிறந்தன. பூமியை ஒட்டிய சுற்றுப்பாதையில் இவை நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்கின்றன; மதுரையிலிருந்து திருமங்கலம் வர மூன்று நொடி போதும். இந்த வேகத்தில் வரும் ஒரு சென்டிமீட்டர் துண்டு, இயங்கும் செயற்கைக்கோள் ஒன்றை முடக்கிவிடக்கூடியது. 'குப்பை' என்று கற்பித்தபோது மாணவி ஒருத்தி, "ஒதுக்கி வைத்துவிடலாமே ஐயா?" என்று கேட்டாள். அவளை அப்படிக் கேட்க வைத்தது நாம் கொடுத்த சொல்தான்.

பிற பரிந்துரைகளில் 'சிதறல்' ஒளியியலில் முன்பே குடியேறிவிட்டது. 'சிதைவு' கதிரியக்கத்துக்கு உரியது. 'சில்லு' அழகான சொல்லே. ஆனால் செயற்கைக்கோளுக்குள்ளேயே மின்னணுச் சில்லுகள் இருக்கும்போது, 'சில்லு தாக்கியது' என்று எழுதினால் குழப்பமே மிஞ்சும்.

ஆகவே 'விண்ணுடைசல்' என்பதை முன்வைக்கிறேன். உடைசல் என்பது பேச்சுவழக்கு என்றும், முழுதாக இருக்கும் செயலிழந்த செயற்கைக்கோள்களுக்கு அது பொருந்தாது என்றும் தடை எழலாம். வீட்டில் ஓட்டை உடைசல் என்று ஒதுக்கும்போது, உருக்குலையாத ஓட்டைக் குடத்தையும் சேர்த்தே சொல்கிறோம் அல்லவா? 2012 ஏப்ரலில் தொடர்பிழந்து, இன்றும் முழு உருவத்தோடு சுற்றிவரும் ஏறத்தாழ எட்டு டன் எடையுள்ள ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோளும் இந்த வகையினதே. அது எதனோடாவது மோதினால் உடைசல்கள் எப்படிப் பெருகும் என்பதற்கு 2009 பிப்ரவரி 10 சான்று. அன்று சைபீரியாவுக்கு மேலே, இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்கத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் இரிடியம் 33-உம் செயலற்றுப்போயிருந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251-உம் மோதி, இரண்டுமே நொறுங்கின. ஒரு மோதலின் துண்டுகள் அடுத்த மோதலுக்கு வித்திடும் என்று நாசா அறிவியலாளர்கள் கெஸ்லரும் கூர்-பாலேயும் 1978-லேயே எழுதிய கருத்துக்குத் 'தொடர்மோதல் பெருக்கம்' என்ற தொடர் தெளிவாக இருக்கும்.

மோதாமலும் உடைசல் உண்டாகும். 2001-இல் ஏவப்பட்ட இஸ்ரோவின் பிஎஸ்எல்வி சி3 ஏவூர்தியின் நான்காம் நிலை (கடைசி அடுக்கு), பணி முடிந்த பின் சுற்றுப்பாதையில் வெடித்து 300-க்கும் மேற்பட்ட துண்டுகளானது. இன்று பணி முடிந்த நிலைகளில் எஞ்சிய எரிபொருளை இஸ்ரோ வெளியேற்றிவிடுகிறது. இதற்கு 'ஆற்றல் வடிப்பு' எனலாம். உடைசல்களோடு மோதாதிருக்க ஏவும் நேரத்தைத் தள்ளிவைப்பதை 'மோதல் விலக்கு' எனலாம். 2023-இல் சந்திரயான்-3 நான்கு நொடியும், பிஎஸ்எல்வி சி56 ஒரு நிமிடமும் தாமதமாகப் புறப்பட்டது இதற்காகவே. மாணவர்கள் அறிந்த ஏவுதல்கள் என்பதால், இவ்விரண்டையும் சொல் விளக்கத்திலேயே எடுத்துக்காட்டாகத் தரலாம்.

விண்ணுடைசல் என்பதில் எனக்கு ஐயமில்லை. 'ஆற்றல் வடிப்பு' பற்றி மட்டும் பொறியியல் துறை அன்பர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன். எரிபொருளோடு மின்கலங்களின் மின்னூட்டத்தையும் அழுத்தக் கலன்களின் வளிமத்தையும் தீர்த்துவிடுவதை அச்சொல் உள்ளடக்குமா, அல்லது அவற்றுக்குத் தனிச்சொல் வேண்டுமா?

அன்புடன்,
திருமங்கலத்திலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்