பெரியமேட்டு மைதானத்தின் பழைய படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களுக்கு வணக்கம். நானும் அண்ணனும் சேர்ந்து சென்னை நேரு விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்தில், சிடன்ஹாம்ஸ் சாலையில் சிறிய டிபன் கடை ஒன்றைத் திறக்கப் போகிறோம். கல்லாவுக்குப் பின்னால் உள்ள சுவர் முழுவதையும் அந்த மைதானத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

சென்னையில் டெஸ்ட் கிரிக்கெட் என்றதும் எல்லோரும் சேப்பாக்கத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் 1956 முதல் 1965 வரை டெஸ்ட் ஆட்டங்கள் நடந்தது இங்கிருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்ததும் இங்கேதான். மன்கட் 231, ராய் 173. அந்த உலக சாதனை 2008 வரை, 52 ஆண்டுகள் நிலைத்தது! இன்று வாசலில் நின்று கேட்டால் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. எனக்கு அது உண்மையிலேயே வலிக்கிறது.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அந்த ஆட்டம் பற்றிய செய்தித்தாள் துண்டு ஒன்று கிடைத்தது. தேயிலை நிறமாகிவிட்டது, மடித்த இடத்தில் விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறது. இதை எப்படிப் பாதுகாத்துச் சட்டம் போடுவது? ஆவணக் காப்பகங்களில் வேலை செய்தவர்கள் வழி சொல்லுங்கள். லேமினேஷன் செய்யலாம் என்கிறார் அண்ணன், எனக்கு மனம் வரவில்லை.

பழைய கேலரி, டிக்கெட், ஸ்கோர் அட்டை, அங்கே நடந்த கால்பந்து ஆட்டங்களின் படங்கள் எது இருந்தாலும் நகல் போதும். அசலை உங்கள் வீட்டுக்கே வந்து படமெடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்த ஆட்டத்தை நேரில் பார்த்திருந்தால், தயவுசெய்து இப்போதே கேட்டுச் சொல்லுங்கள்.