லாரிக் காற்றுக்கே அலறும் கோன் அலாரம், என்ன செய்வது?

சாலையில் ஒரு லேனைக் கோன்கள் வைத்து அடைத்து வேலை பார்ப்பவர்களுக்காக ஒரு எச்சரிக்கைக் கருவி செய்துகொண்டிருக்கிறேன். வண்டி கோனை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தால் வேலையாட்கள் பக்கத்தில் சைரன் அலற வேண்டும். ஆனால் பெரிய லாரி ஒன்று பக்கத்து லேனில் கடந்தாலே, அந்தக் காற்றுக்கே அலறிவிடுகிறது. மூன்று வாரமாக இதிலேயே நிற்கிறேன்.

75 செ.மீ. ரப்பர் கோன், உள்ளே அசைவையும் சுழற்சியையும் அளக்கும் எம்பியு 6050 சென்சார், அதைப் படிக்கும் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிச் சிப், தூரத்துக்குச் சிக்னல் அனுப்பும் லோரா ரேடியோ. நான்குவழிச் சாலை, வண்டிகள் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் இடம். முதல் கோனிலிருந்து 60 மீட்டரில் ஆட்கள். அவர்களுக்குக் கிடைப்பது மூன்று நொடிகூட இல்லை.

சாய்வு வரம்பை 30 டிகிரியிலிருந்து 45 ஆக்கினேன். பொய் அலாரம் குறைந்தது, ஆனால் சோதனைக்காக நாங்களே மெதுவாக உரசிவிட்ட காரைக் கோட்டைவிட்டது. அரை நொடி பொறுத்து ஒலிக்க வைத்தேன். அதற்குள் வண்டி 11 மீட்டர் வந்துவிடும், அதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு கோன் சேர்ந்து ஆடினால் மட்டும் என்று வைத்தாலும் காற்று வரிசையாக எல்லாவற்றையும் ஆட்டுகிறது. அடியில் எடை கூட்டலாம்தான். இடிபட்டுப் பறக்கும் கனமான கோன் ஆளையே அடித்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

நேற்று ஆறாவது முறை அலறியபோது ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. காதுக் கவசத்தை அழுத்திவிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

நேரம் கடத்தாமல் காற்றின் ஆட்டத்தையும் வண்டியின் இடியையும் பிரித்தறிய, சென்சார் சிக்னலில் எதைப் பார்க்க வேண்டும்?