சமூகப் பொறுப்பு அறிக்கையில் மேலதிகாரிகள் உண்மையில் எங்கே தலையிடுகிறார்கள்?

நீலமேகம்:
வணக்கம். மேலாண்மைப் படிப்பு ஆய்வுக்காக நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எதைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் சிஇஓவின் படமும் கடிதமும் இருக்கின்றன, ஆனால் உள்ளே வரும் எண்களுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று பிடிபடவில்லை. எழுதுவது தனிக் குழுதானே? மேலிடத்தின் செல்வாக்கை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழி உண்டா?

வரைவுமேசை:
கடிதத்தை விடுங்கள், அதைப் பெரும்பாலும் வேறு யாராவதுதான் எழுதித் தருவார்கள். அறிக்கைக் குழுவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மேலிடத்தின் கை விழுவது முதல் வரி எழுதப்படுவதற்கும் முன்னால். எந்த விஷயங்கள் முக்கியம், எந்தத் துணை நிறுவனங்களைக் கணக்கில் சேர்ப்பது, எந்த ஆண்டோடு ஒப்பிடுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். உற்பத்தி உச்சத்தில் இருந்த ஆண்டை அடிப்படை ஆண்டாக வைத்துவிட்டால் எதுவும் செய்யாமலே கார்பன் உமிழ்வு குறைந்ததாகத் தெரியும். ஒவ்வொரு எண்ணும் சரி, படிப்பவர் மனதில் பதிவது மட்டும் தவறு. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நேர்ந்த விபத்துகளைச் சேர்ப்பதா என்பதும் இதே மாதிரிதான். இது எனக்கு ரொம்பவே வருத்தம் தந்த இடம், ஏனென்றால் விட்டுப்போவது ஆட்களின் காயம். அப்புறம் கடைசிச் சுற்றில் வரைவு மேலே போய்த் திரும்பும்போது 'இலக்கை எட்டவில்லை' என்பது 'முயற்சி தொடர்கிறது' என்று மாறியிருக்கும்.

கார்த்திகைப்பூ:
கோட்பாடு வேண்டுமென்றால் 1984-ல் மேலாண்மை ஆய்வாளர்கள் ஹாம்ப்ரிக்கும் மேசனும் முன்வைத்ததிலிருந்து தொடங்குங்கள்: மேலதிகாரிகளின் அனுபவமும் மதிப்பீடுகளும் நிறுவனத்தின் முடிவுகளில் தெரியும் என்பது அவர்கள் வாதம். ஆனால் சிஇஓவின் வயது, படிப்பு என்று அட்டவணை போட்டு நின்றுவிடாதீர்கள், போனஸைப் பாருங்கள். போனஸ் உமிழ்வு இலக்கோடு கட்டப்பட்டிருந்தால் அக்கறை கூடலாம், எளிதாக எட்டக்கூடிய இலக்கை வைக்கும் ஆசையும் கூடலாம். பால் போல்மன் 2009-ல் யூனிலீவரின் சிஇஓவாகப் பொறுப்புக்கு வந்ததும் காலாண்டு லாபக் கணிப்பு தருவதை நிறுத்தினார், அடுத்த ஆண்டே நீண்டகாலச் சமூக, சுற்றுச்சூழல் இலக்குகளை அறிவித்தார். ஒரு தலைவர் நினைத்தால் அவ்வளவு தூரம் போகலாம்.

இரண்டாம்பார்வை:
போகலாம், சரி. ஆனால் வோக்ஸ்வாகன் 2015 செப்டம்பரில் சமூக, சுற்றுச்சூழல் செயல்பாட்டை வைத்து நிறுவனங்களை மதிப்பிடும் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீட்டில் கார் துறையின் முதலிடத்தில் இருந்தது, அதே மாதம் டீசல் கார்களின் உமிழ்வுச் சோதனையில் அது செய்த மோசடி வெளியானது. வெளியிலிருந்து பார்க்க ஜிஆர்ஐ எனப்படும் சர்வதேச அறிக்கைத் தரநிலையில் 2-14 என்ற பிரிவைத் தேடுங்கள்: இயக்குநர் குழு அறிக்கையைப் பரிசீலித்து ஒப்புதல் தருகிறதா என்று அங்கே சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் காரணம் தர வேண்டும். மேலதிகாரிகளின் ஊதியத்துக்கு 2-19, பழைய எண்களை மாற்றியிருந்தால் 2-4. அடுத்து வெளித் தணிக்கையாளரின் சான்றில் எந்தெந்த எண்கள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள், பல நேரங்களில் சிலவற்றுக்கு மட்டும்தான், அதுவும் வரையறுக்கப்பட்ட அளவில்தான் உறுதி தந்திருப்பார்கள். தலைமை மாறிய ஆண்டுக்கு முன்னும் பின்னும் வந்த அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த அளவீடு காணாமல் போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள், உங்கள் ஆய்வுக்கு அதுவே போதுமான தரவு.