தமிழ் முஸ்லிம் ஒற்றுமை எண்டு நம்ப இன்னும் ஏதாச்சும் இருக்கா?

பாடுமீன்:
வணக்கம், நான் மட்டக்களப்பு. எலெக்‌ஷன் வரக்குள்ள எல்லாம் எங்கட குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரே சண்டை, காணிப் பிரச்சினையில தொடங்கி கடைசியா தமிழ் முஸ்லிம் எண்டு வந்து நிக்கும். போன கிழமை மச்சான் முஸ்லிம் கடையில ஒண்டும் வாங்காதீங்க எண்டு வொய்ஸ் போட்டார், இது வேணாம் எண்டு நான் சொன்னதுக்கு என்னை குரூப்பால தூக்கிட்டாங்க. மகள் கேக்கிறா, "அப்பா ரெண்டு பேரும் தமிழ்தானே பேசுறம்?" எண்டு. என்ன சொல்ற? தலைவர்மார் பேசின பேச்சு வேணாம், கண்ணால கண்டது இருந்தா எழுதுங்க.

கல்முனைக்_காக்கா:
தம்பி, 2020ல கொரோனாவில மௌத்தான எங்கட முஸ்லிம் ஆக்கள, அடக்க விடாம அரசாங்கம் எரிச்சிச்சு. புதைக்கலாம் எண்டு உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லியும் கேக்கல்ல. உம்மா எங்களுக்கிட்ட, காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகாதீங்க, என்னை எரிச்சிருவாங்க எண்டு அழுதா. பிறந்து 20 நாள் குழந்தையையும் எரிச்சாங்க, அதுக்குத்தான் கொழும்பு பொரளை கனத்தை மயான வேலியில சனம் வெள்ளைத் துணி கட்டினது.
பிறகு 2021 பெப்ரவரி 3 கிழக்கில பொத்துவில்ல இருந்து வடக்கில பொலிகண்டிக்கு போராட்ட நடை தொடங்கிச்சு, தமிழ் ஆக்கள் வச்ச கோரிக்கையில ஜனாஸா, அதான் முஸ்லிம் உடல்கள், எரிக்கிறத நிப்பாட்டு எண்டும் இருந்திச்சு. கல்முனைக்குள்ள வரக்குள்ள நானும் சேந்துக்கிட்டன். மகன்ட போட்டோவ நெஞ்சோட பிடிச்சிக்கிட்டு ஒரு அம்மா வந்தா, தண்ணிப் போத்தல் குடுத்தன், வாங்கிக் குடிச்சிட்டுச் சொன்னா, "எனக்கு அடக்கம் பண்ண உடம்பே கிடைக்கல்ல மனே, உங்களுக்கு உடம்பிருந்தும் விடுறானுகள் இல்ல" எண்டு. எனக்கு வாய் வரல்ல. அந்த மாசக் கடைசியில அடக்கலாம் எண்டு அரச வர்த்தமானி வந்திச்சு, மார்ச்ல மட்டக்களப்புப் பக்கம் ஓட்டமாவடியில அடக்கத் தொடங்கினாங்க. அது நடையால மட்டும் வந்ததில்ல, வெளிநாட்டு நெருக்கடியும் இருந்திச்சு. ஆனா எங்களுக்காக நடந்தாங்க, அத நான் மறக்க மாட்டன்.

வன்னிப்_பெடியன்:
காக்கா சொல்றது உண்மை. ஆனா நடை முடிஞ்ச கையோட ஆர் செய்தது எண்டு கட்சிக்காரர் அடிபட்டவை, அதையும் சொல்லோணும். கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர அம்மாமார் 2017 பெப்ரவரி 20ல இருந்து போராடினம், கனபேர் பிள்ளையைக் காணாமலே செத்தும் போட்டினம். அதால 2022ல கொழும்பு காலிமுகத்திடலில அரசாங்கத்துக்கு எதிரா நடந்த போராட்டம் பக்கமே நான் போகேல்ல. கரண்ட் இல்லாததும் மண்ணெண்ணைக்கு அலையிறதும் எங்களுக்கு 90ல இருந்து பழக்கம், அப்ப நீங்கள் எங்க நிண்டனீங்கள் எண்டு தெற்குச் சனத்தில சரியான கோவம்.
பேந்து மே 18 அங்க முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுக்கிற போட்டோ கண்டன். அந்தக் கஞ்சி என்னெண்டா அரிசி, தண்ணி, உப்பு, 2009ல ஷெல்லுக்குள்ள லைன்ல நிண்டு வாங்கினம், லைன்லயே செத்த ஆக்களும் இருக்கினம். அது கொழும்புக்குப் போய்ச் சேர 13 வருசம். கோவம் இன்னும் இருக்கு, ஆனா அந்தப் போட்டோவ அழிக்க மனம் வரேல்ல.
பாடுமீன் அண்ணை, 1990ல வடக்கில இருந்து முஸ்லிம் சனத்தை எங்கட ஆக்கள்தான், புலிகள், வெளியேத்தினவை, மகளுக்கு அதையும் மறைக்காமச் சொல்லுங்கோ. அதை விட்டிட்டு ஒற்றுமை எண்டா அந்தப் பக்கம் ஆரும் நம்ப மாட்டினம்.

பாடுமீன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. ராவு மகளுக்கு எல்லாத்தையும் சொன்னன், 90ல நடந்ததையும் சேத்து. கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, அந்த அம்மாட மகன் கிடைச்சிட்டாரா எண்டு கேட்டா. காக்கா, அவ எந்த ஊர் எண்டு தெரியுமா?

கல்முனைக்_காக்கா:
திருக்கோவில் பக்கம் எண்டு சொன்னா தம்பி. பேர் கேக்கிறதுக்குள்ள சனம் நடந்திட்டு.