'ஐ'யா, 'மீ'யா: கடிதம் திருத்தும்போது கண்டவை

வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதப் பழக்கிவிடுகிறேன். தனியாக வரும் 'மீ'யில் யாரும் தடுமாறுவதில்லை. 'ப்ளீஸ் கால் ஐ' என்று ஒருவர்கூட எழுதி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இன்னொருவர் வந்து சேர்ந்ததும் 'ப்ளீஸ் கால் மை பிரதர் ஆர் ஐ' என்று ஆகிவிடுகிறது.

சின்ன வயதில் 'மீ அண்ட் மை ஃப்ரெண்ட் வென்ட்' என்று சொல்லித் திட்டு வாங்கியவர்களே இதில் அதிகம். 'ஐ'தான் மரியாதை என்று மனதில் பதிந்துவிடுகிறது. அப்புறம் எல்லா இடத்திலும் அதையே போடுகிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று சொல்வதுண்டு. 'பிட்வீன்', 'டு' போன்ற முன்னிடைச் சொல்லுக்குப் பின் 'மீ'தான் வர வேண்டும். மற்ற இடங்களில், உடன் வரும் இன்னொருவரை எடுத்துவிட்டு வாக்கியத்தை வாசிக்கச் சொல்வேன். காதே சொல்லிவிடும்.

என்னை நிறைய யோசிக்க வைத்தவள் ஒரு மாணவி. 'மீ அண்ட் மை சிஸ்டர் லைக் மியூசிக்' என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "எனக்கும் அக்காவுக்கும் இசை பிடிக்கும்னுதானே சொல்றோம், நான்னு சொல்றதில்லையே சார்?" என்றாள். எவ்வளவு நியாயமான கேள்வி! பிடிக்கும், தெரியும், வேண்டும், பசிக்கிறது என்று வரும் இடங்களில் தமிழ் அந்த ஆளுக்கு நான்காம் வேற்றுமை உருபைக் கொடுக்கிறது. ஆங்கிலமோ அவரையே எழுவாயாக்கி 'ஐ லைக்', 'ஐ நோ', 'ஐ வான்ட்' என்கிறது. 'என்னை' என்று நினைத்து 'மீ' போட்டால் பெரும்பாலும் சரியாக வரும். 'எனக்கு' என்று நினைத்துப் போட்டால்தான் கவனம் வேண்டும். இதை இலக்கணப் பாடத்தின் முதல் நாளே சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

'யார்' என்ற 'ஹூ', 'யாரை' என்ற 'ஹூம்' பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பேச்சில் 'ஹூ' போதும். முறையான கடிதத்தில் 'டு'வுக்குப் பின் 'ஹூம்' எழுதினால் சரி.

'விட' என்று பொருள் தரும் ஆங்கிலத் 'தன்' வரும் இடத்தில் மட்டும் நிதானம் தேவை. 'ஷி லைக்ஸ் ஹிம் மோர் தன் ஐ' என்றால் எனக்கு அவனைப் பிடிப்பதைவிட அவளுக்கு அதிகம் பிடிக்கிறது என்று பொருள். 'தன் மீ' என்றால் என்னைவிட அவனைப் பிடிக்கிறது என்றும் ஆகிவிடும். அதனால் முதல் பொருள்தான் வேண்டுமென்றால் 'தன் ஐ டூ' என்று முழுதாக எழுதச் சொல்கிறேன்.