‘சலோப்ரே’க்குத் தமிழ்: சவரா, உவரா?

வணக்கம். இறால் வளர்ப்புச் சொற்பட்டியலுக்கு ஆங்கிலம், ஸ்பானியம், தமிழ் என்று மூன்று நிரல் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஈக்குவடோர்க்காரரின் குறிப்புகள் ஸ்பானியத்தில் இருப்பதால் அந்த நடு நிரல். ‘பிராக்கிஷ்’ (கடல்நீரும் நல்ல தண்ணியும் கலந்த நீர்) வந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஸ்பானியத்தில் ‘சலாதோ’ என்றும் தமிழில் ‘அரை உப்பு’ என்றும் எழுதியிருக்கிறேன். சரியா?
— அக்கரைப்பற்றிலிருந்து

தம்பி, இரண்டும் பிழை.

‘சலாதோ’ என்றால் உப்புப் போட்டது, உப்புக் கூடியது. குழம்பு கரித்தாலும் ஸ்பானியர் அதைத்தான் சொல்வார்கள். உப்பிட்ட மீனும் சலாதோ, கடல்நீரும் ‘அகுவா சலாதா’. ‘சலீனோ’ ஆய்வுகூடத்துச் சொல். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சேலைன் அந்தக் குடும்பம். களப்புக்கும் கழிமுகத்துக்கும் அவர்கள் வைத்திருப்பது ‘சலோப்ரே’. அதுதான் உமக்கு வேண்டியது. (நாம் ‘நல்ல தண்ணி’ என்பது அவர்களுக்கு ‘அகுவா துல்சே’, இனிப்புத் தண்ணீர். எனக்கு நம்முடையதுதான் பிடிக்கிறது.)

‘அரை உப்பு’ என்று எழுதினால் வாசிக்கிறவர் கணக்குப் போடுவார். கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, ஆகவே பதினேழு, பதினெட்டு என்று நினைப்பார். 1958இல் வெனிஸில் வகுத்த முறைப்படி பிராக்கிஷ் 0.5இல் தொடங்கி 30 வரை போகிறது. மாரியில் முகத்துவாரம் வெட்டி வெள்ளம் ஓடும் நாளில் கல்லடிப் பாலத்தடித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாரும், உப்பே தெரியாது. ஆவணியில் அதே இடம் கரிக்கும். இதில் எதை அரை என்பது?

சொல் நம்மிடம் இருக்கிறது: சவர். நாவலடியில் எங்கள் பழைய வளவுக் கிணறு சவர்தான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, வேறென்ன ஊறும்? சவர்க்காரம் தேய்த்தால் நுரைக்காது, தலைமயிர் தும்பாகிவிடும். தேத்தண்ணிக்குக் குடத்தோடு அடுத்த ஒழுங்கைக்குப் போவோம். அதை யாரும் அரை உப்புக் கிணறு என்று சொன்னதில்லை.
— கல்லடியிலிருந்து

அண்ணன், ‘உவர் நீர்’ என்று பலர் எழுதுகிறார்களே? சவர் என்றால் சவரக் கத்தி ஞாபகம் வராதா?
— திருக்கோவிலிலிருந்து

தங்கச்சி, கிணற்றடியில் யாருக்கும் கத்தி ஞாபகம் வராது. உவர்ப்பு அறுசுவையில் உப்புச் சுவை. அதற்குள் கடலும் அடங்கும், உப்பளமும் அடங்கும். அதைச் ‘சலீனோ’வுக்கு விட்டுவிடுவோம். சவருக்கு இன்னொரு வசதியும் உண்டு: வெனிஸ் முறையின் மூன்று படிகளுக்கும் அதிலிருந்தே சொல் எடுக்கலாம். 5 வரை குறைசவர், 18 வரை இடைச்சவர், 30 வரை மிகுசவர். ‘இடைச்சவர்’ கொஞ்சம் இடறுகிறது, ஒத்துக்கொள்கிறேன். நல்லது கிடைத்தால் சொல்லுங்கள்.
— கல்லடியிலிருந்து

‘நடுச்சவர்’? பட்டியலில் சலோப்ரே – சவர் என்று திருத்திவிட்டேன். ‘சலாதோ’வை அழிக்க மனமில்லை, உப்பிட்ட மீன் வரிசைக்கு இறக்கியிருக்கிறேன்.
— அக்கரைப்பற்றிலிருந்து