புதுப்பிப்பு: அடுத்த ஆண்டும் அழைக்கப்படும் பேச்சாளர் யார்?

கோயில் விழா, பட்டிமன்ற மேடைகளில் கைதட்டு வாங்குபவர்கள் நிறையப் பேர் இருக்க, சிலரை மட்டும் ஏன் ஆண்டுதோறும் கூப்பிடுகிறார்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். அதற்குப் பிறகு விழாக் குழுவினர் சிலரிடம் பேசினேன். நகைச்சுவை, குரல் வளம் எல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் சொன்னது நேரம்.

காரணம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்கள் வரை நள்ளிரவு 12 மணி வரை அரசு தளர்வு தரலாம், அவ்வளவுதான். பொன்னாடைப் படலமே ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும் (அதை யாரும் குறைக்க மாட்டார்கள்!). கடைசியில் வெட்டு விழுவது பேச்சாளருக்கு. முக்கால் மணி நேரம் என்று கூப்பிட்டுவிட்டு, "இருபது நிமிஷத்துல முடிச்சுடுங்கண்ணே" என்பார்கள். முகம் சுளிக்காமல் முடிப்பவர் பெயர்தான் செயலாளரின் நோட்டில் ஏறுகிறது.

அதனால் நான் இப்போது தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் உறுதியாக வைத்துக்கொள்கிறேன். நடுவில் வருபவை தனித்தனிக் கதைகள்; எதை உருவினாலும் பேச்சு குலையாது.

அப்புறம், சம்பளம் பற்றிக் கேட்டவர்களுக்கு: பயணச் செலவையும் சேர்த்து, தேதி கொடுக்கும்போதே போனில் பேசிவிடுங்கள். விழா முடிந்து காரில் ஏறும்போது வேண்டாம்.